புளி ஐஸ்கிரீம்

ஏப்ரல் 9, செவ்வாய்

விடியும்போதே புழுக்கம். மலைப்பக்கம் ஒரு மேகம் இல்லை. காட்பாடிக்கு ரயில்வண்டியில் ஐஸ் வந்தது. மரத்தூள் கொட்டிச் சாக்கில் சுற்றி அனுப்பியும் பாதி உருகிவிட்டது. இருந்ததை உடைத்து, கல்லுப்புப் போட்டு, டாக்டரம்மாவின் ஐஸ்கிரீம் மெஷினைச் சுற்றினேன். மர வாளி, நடுவில் தகரக் குவளை, மேலே கைப்பிடி. தோள்பட்டை கழன்று விழும் போல வலி.

அத்தனையும் ஒரே ஒரு நோயாளிக்காக. கன்னியப்பன், ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. வயது நாற்பது இருக்கும். தோல் ஊறப்போடும் தொட்டி ஓரம் செம்பில் இருந்த, சதையை அரிக்கும் காரத் தண்ணீரைக் குடிதண்ணீர் என்று நினைத்து ஒரு மடக்கு விழுங்கிவிட்டார். அது மாசியில். புண் ஆறிவிட்டது. ஆறின தழும்புதான் நெஞ்சுக்குள் உணவுக்குழலை இறுக்கிக்கொண்டே வருகிறது. சோறு போகாது. கஞ்சியும் அடைக்கிறது. சில்லென்று மெதுவாக உருகி இறங்குவது மட்டும் கொஞ்சம் போகிறது.

இன்று வெனிலா. இரண்டு ஸ்பூன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நல்லா இல்லையா மேஸ்திரி?"

"நல்லா இருக்குதோ இல்லியோ, நாக்குக்கு ஒண்ணும் தெரியல நர்ஸம்மா. சோப்பு வாசனை மட்டும் வருது."

டாக்டரம்மா வெள்ளைக்காரர், தமிழ் கற்றது வேதாகமத்தில். "நீர் புசியாவிட்டால் மரித்துப்போவீர்" என்றார். வார்டே சிரித்தது. மேஸ்திரி சிரிக்கவில்லை.

வாங்க: வெள்ளைப் பொத்தான், நீல நூல். அம்மாவுக்குப் பதில் போட வேண்டும்.

ஏப்ரல் 11, வியாழன்

நேற்று மாம்பழம். "தித்திப்பு ஜாஸ்தி." இன்று காலை நன்னாரி. துணி அலசின தண்ணீர் நிறம். "தேர்த் திருவிழா சர்பத்து" என்று அரைக் கிண்ணம். மீதியில் நுங்கை நசுக்கிச் சேர்த்துப் பார்த்தேன். சரியாக உறையவில்லை. கேட்பாரில்லை.

நான் எதையும் வாயில் வைக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களுக்கு இனிப்பை விட்டிருக்கிறேன். ருசி பார்க்காமல் செய்வது கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பது போல.

அவர் மனைவி குப்பம்மாள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் புளியமரத்தடியில் பொங்கித் தின்கிறாள். வாசனை வார்டுக்கு வராத தூரம். தாளிப்பதே இல்லையாம்.

"அவருக்கு இனிப்பே புடிக்காது நர்ஸம்மா. கல்யாணம் ஆன நாளா தோலு நாத்தத்துலயே நின்னுக்கினு இருக்கிறவரு. புளியும் காரமும் தூக்கலா இருந்தாத்தான் நாக்குக்கு எட்டும். இந்த வெள்ளைக்காரங்க பண்டம் அவருக்கு இன்னா தெரியும்?"

முதல் நாளே இவளைக் கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 13, சனி

வெயில். வராந்தாவில் கால் வைக்க முடியவில்லை.

புளி சேர்க்கலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஆறின புண்தான், கொஞ்சமாகக் கொடு என்றார். மிளகாய் கூடாது.

முதல் முறை பாலில் விட்டேன். திரிந்து போயிற்று. கொட்டினேன். இரண்டாவது முறை பால் இல்லாமல்: புளித் தண்ணீர், வெல்லம், சுக்கு, வறுத்த சீரகம், உப்பு. சேற்று நிறம். கூட வேலை செய்யும் மேரி எட்டிப் பார்த்து, "ரசத்தை உறைய வெச்சுட்டியாடி?" என்றாள்.

இதை ருசி பார்க்காமல் கொடுக்கத் தைரியமில்லை. வெல்லமும் இனிப்புத்தான். ஆண்டவருக்குத் தெரியும். பல் கூசியது, காதுக்குப் பின்னால் இழுத்தது. நன்றாக இருந்தது.

மேஸ்திரி முதல் ஸ்பூனை வாயில் வைத்து அப்படியே இருந்தார். பிறகு தாடை அசைந்தது. நாக்கைச் சப்புக் கொட்டினார்.

"இது ருசி."

கிண்ணம் முழுவதும். கடைசியில் ஸ்பூனை விடாமல் பிடித்துக்கொண்டார். குப்பம்மாள் கதவோரம் நின்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. உள்ளே வழியே இல்லை. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 15, திங்கள்

தண்ணீரும் இறங்கவில்லை. கண் உள்ளே போய்விட்டது.

டாக்டரம்மா சொன்னது: வயிற்றில் சின்னதாகத் திறந்து ரப்பர் குழாய் வைக்க வேண்டும். ஆகாரம் நேரே வயிற்றுக்கு. பிழைப்பார், வேலைக்கும் போகலாம்.

"வேணாம். வாய் இருக்கச்சொல்ல வயித்துல ஊத்திக்கினு ஒரு மனுஷன் இருக்கணுமா? ஊட்டுக்கு அனுப்பிடுங்க."

டாக்டரம்மா கட்டில் ஓரம் உட்கார்ந்தார். அவர் ஊரில் இப்படிச் சிலர் உண்டாம். ஆகாரத்தை வாயில் போட்டு மென்று, ருசித்து, பிறகு அதைப் புனலில் துப்பிக் குழாய் வழியே விடுவார்களாம். அப்படிச் செய்தால் பசியும் அடங்குமாம், உடம்பிலும் ஒட்டுமாம். அவருடைய தமிழில் அது முழுதாக வரவில்லை. நான்தான் திருப்பிச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே அருவருப்பாக இருந்தது. முகத்தில் தெரிந்திருக்கும்.

மேஸ்திரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "சீ. எச்சி. இவ எதுர நான் அதப் பண்ணணுமா?"

குப்பம்மாள் இத்தனை நாளில் டாக்டரம்மா எதிரில் வாய் திறந்ததில்லை.

"நம்ம புள்ளைங்களுக்குப் பல்லு மொளைக்கிறதுக்கு முன்னே நான் மென்னுதானே ஊட்டினேன். பக்கத்துல குந்திக்கினு பாத்தியே. அப்ப எச்சின்னு சொன்னியா?"

அவர் இந்தப் பக்கம் திரும்பி, கையெழுத்து எங்கே போடணும் என்று கேட்டார்.

ஏப்ரல் 17, புதன்

ஆபரேஷன் முடிந்தது. மூச்சு சீர். நாடி பரவாயில்லை. எனக்குத் தலைவலி.

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

ஆராதனைக்குப் போகவில்லை, வார்டில் என் முறை. குழாய் வழியே பாலும் முட்டையும். ஊற்றும்போது மேஸ்திரி மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டுக்கு மூங்கில்ல மருந்து ஊத்துவாங்க இல்ல, அப்பிடி இருக்குது."

உள்ளே போன கண் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. உயிர் இருக்கிறது, ஆள் எங்கோ இருக்கிறார். சாப்பாடு என்பது வயிற்றுக்கு என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

அம்மா கடிதம், நெமிலியிலிருந்து. மாப்பிள்ளை வீட்டார் எனக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்டார்களாம். சிரிப்பு வந்தது.

ஏப்ரல் 24, புதன்

ஐஸ் வந்தது, இந்த முறை நிறையவே. புளி ஐஸ்கிரீம். திரை கட்டினோம். நான் வெளியே போகிறேன் என்றேன். "இரு நர்ஸம்மா, செஞ்சவளே நீதான்" என்றாள் குப்பம்மாள்.

ஒரு ஸ்பூன். வாயிலேயே வைத்திருந்தார், முழுதும் உருகும் வரை. கண்ணோரம் தண்ணீர். குப்பம்மாள் புனலைத் தூக்கிப் பிடித்தாள். அவர் தயங்கினார். அவள் வேறெங்கோ பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்தாள். துப்பினார்.

பிறகு வயிற்றின்மேல் கையை வைத்தார்.

"உள்ளே ஜில்லுன்னு எறங்குது, குப்பு."

இன்னும் இரண்டு கிண்ணம் கேட்டார். எனக்கு அருவருப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

ஏப்ரல் 30, செவ்வாய்

சாயங்காலம் தூறல், மண் நனையவில்லை. மேஸ்திரி நாளை ஊருக்கு. ஆம்பூரில் ஐஸுக்கு எங்கே போவது என்று நான்தான் கவலைப்பட்டேன். குப்பம்மாளுக்கு அந்தக் கவலை இல்லை. மத்தியானமே மரத்தடியில் மீன் குழம்பு வைத்து, தாளித்து, மூடி போட்டு வார்டுக்குள் கொண்டுவந்திருக்கிறாள். டாக்டரம்மா பார்த்தும் பார்க்காதது போலப் போய்விட்டார்.

பிறகு மருந்து அறைக்கு என்னைத் தேடி வந்தாள். முகம் எப்படியோ இருந்தது. இன்னா ஆச்சு என்று பயந்தே கேட்டேன்.

"சண்ட போடறாரு நர்ஸம்மா. கொழம்புல உப்பு கம்மியாம்."