சுரண்டை வயலில் ஒரு வலைப்பாட்டு

உன் மகள் சுரண்டையிலிருந்து நெத்திலிக் கருவாடு கொடுத்துவிட்டிருக்கிறாள். பையைப் பிரித்ததும் வாசம் மாடி வீடு வரை போய்விட்டது. வெளியே சாரல். ஜன்னலைத் திறக்க வழியில்லை. "ஏட்டி, என்னட்டி இந்த நாத்தம்?" என்று மாடி வீட்டு அக்கா கத்தினாள். நீ இருந்திருந்தால், "சோத்தை வடிச்சிட்டுக் கீழ வாங்க, நாத்தம் எங்கன போகுதுன்னு பாப்போம்" என்று சொல்லியிருப்பாய். நான் சிரித்துக்கொண்டே வறுக்க ஆரம்பித்தேன்.

பாம்பன் பக்கத்துத் தீவிலிருந்து, மீன்கடை போட வந்த கணவரோடு தென்காசிக்கு வந்தவள் நீ. என் அடுத்த வீடு. வந்த வருஷமே சாரல் காற்றை முகர்ந்துவிட்டு, "இது கச்சான், மேற்கேயிருந்து வருது" என்றாய். "சாரலுக்கு எதுக்குட்டி இன்னொரு பேரு?" என்று கேட்டேன். "எங்க ஊருல ஒவ்வொரு காத்துக்கும் ஒரு பேரு. பேரு தெரியாத காத்துல யாரு கடலுக்குப் போவா?" என்றாய்.

இந்தப் பக்கம் பிழைக்க வந்த தீவுக் குடும்பங்களைச் சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்கு அழைத்துப் போவாய். ஐந்தருவியில் குளித்து முடித்ததும், தோப்பில் ஒரு புளியமரத்தில் கயிற்றைக் கட்டிப் பிள்ளைகளுக்கு அம்பா சொல்லிக்கொடுப்பாய். கரையில் நின்று வலை இழுக்கும்போது எல்லாருடைய கையும் ஒன்றாக அசைவதற்கான பாட்டு அது. ஒருவர் அடி எடுக்க, மற்றவர்கள் ஏலேலோ போடுவார்கள். அடி எடுப்பவர் எதிரில் நிற்பவரைக் கேலி செய்தே ஆகவேண்டும். "சிரிக்காம இழுத்தா வலை கனக்கும்" என்பாய். அருவிக்கு வந்த ஜனமெல்லாம் மரத்தை எதற்கு இழுக்கிறார்கள் என்று நின்று பார்க்கும்.

அப்படிப்பட்ட உன்னிடம்தான், உன் மகள் கல்யாணத்தைப் பேசி முடித்த அன்று, சம்பந்தி அதைக் கேட்டார். சுரண்டையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், நல்ல மனுஷர், ஆனால் சொந்தக்காரர்கள் வாய்க்குப் பயந்தவர். "மைனி, தப்பா நினைக்காதீங்க. யாரும் கேட்டா தூத்துக்குடில வியாபாரம்னு சொல்லிக்கிடுவோம். தீவு, வலை, அதெல்லாம் வேண்டாம்" என்றார். நீ தலையை மட்டும் ஆட்டினாய். பஸ்ஸில் திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "மகளுக்காக வாயை மூடிக்கிட்டேன். ஊரை எங்கன கொண்டுபோய் மூடுவேன்?" என்று அழுதாய். நீ அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபத்துக்குப் பக்கத்து வயலில், சீர்ப் பாத்திரம் ஏற்றிய வேன் இறங்கிவிட்டது. நல்ல மழை. சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டி முழங்கால் சேற்றில் நின்று கத்திக்கொண்டிருந்தார். வேனில் கயிற்றைக் கட்டி ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். வேன் இன்னும் அமுங்கியதுதான் மிச்சம். அந்த நேரம் பார்த்துத் தீவிலிருந்து உன் உறவுக்காரர்கள் தனி பஸ் பிடித்து வந்து இறங்கினார்கள். பாட்டு கூடாது, மீன் கூடாது என்று நீ முன்பே சொல்லியிருந்ததால் எல்லாரும் வாயை இறுக்கிக்கொண்டு உன் முகத்தையே பார்த்தார்கள்.

நீ சேலையை இழுத்துச் செருகினாய். "வேண்டாம்ட்டி, கல்யாணம் நின்னுரப் போகுது" என்றேன். நீ கயிற்றைப் பிடித்து அடி எடுத்தாய்:

"சுரண்டைச் சம்பந்தி…"
"ஏலேலோ!"
"சேத்துல நிக்காரு…"
"ஐலசா!"

வயலே சிரித்தது. சம்பந்திக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் வந்து கயிற்றைப் பிடித்தார். நான்கைந்து அடியில் வேன் ரோட்டுக்கு ஏறிவிட்டது.

அப்போதுதான் அவருடைய அத்தை கேட்டாள்: "இந்தப் பாட்டை எங்கனம்மா படிச்ச?"

நீ சம்பந்தியைப் பார்த்தாய். பிறகு நிமிர்ந்து சொன்னாய்: "எங்க தீவுல, அத்தை. நாங்க வலை இழுக்குற ஆளுங்க."

"ஏலே, தூத்துக்குடி வியாபாரம்னு சொன்னியே?" என்று அத்தை அவர் பக்கம் திரும்பினாள்.

அவர் முகத்துச் சேற்றை வழித்தார். "நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன் அத்தை. மைனி பொய் சொல்லல" என்றார்.

உனக்கு அது போதும். "கயிறு தொட்டவுகளுக்குக் கறிக்கு மீன் குடுக்கணும். அது எங்க வழக்கம்" என்றாய். நீ கூடாதென்று சொல்லியும் அவர்கள் கொண்டுவந்திருந்த ஐஸ் போட்ட மீன் பெட்டி பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு அடியிலிருந்து உடனே வெளியே வந்தது! முதல் மீனை நீ சம்பந்தியின் கையில் கொடுத்தாய். அவர் அதைப் பச்சைப்பிள்ளையைப் போல ஏந்திக்கொண்டு மண்டபத்துக்குள் போனார்.

நீ எங்களை விட்டுப் போனபின் வந்த முதல் சீசன் இது. போன ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் குற்றாலத்தில் கூடினோம். உன் மகள் அடி எடுத்தாள், பாதியில் கயிற்றை விட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளைகள் கயிற்றைப் பிடித்தபடி விழித்தார்கள். ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்த சம்பந்தி, "நீங்க போடுங்கம்மா" என்று என்னிடம் சொன்னார். கடலில் கால் நனைக்கவே பயப்படுகிற நான் எழுந்து நின்றேன். அவருடைய வழுக்கைத் தலையை வைத்து ஓர் அடி போட்டேன். தோப்பு அதிர ஏலேலோ வந்தது.

தீவிலிருந்து முதல் முறையாக வந்திருந்த ஒரு பெரியம்மா, முடிந்ததும் என் கன்னத்தைத் தொட்டு, "நம்ம ஊருல நீ யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டார்.

உன் பெயரைச் சொல்லி, அடுத்த வீடு என்றேன்.