படிக்காமல் வைத்த நாற்பத்தொன்று

அன்புள்ள அக்காவுக்கு,

நாம் இருவரும் ஒரே கணக்கில் செய்தி படித்த அந்த ஃபீட் ரீடரை, பல தளங்களின் செய்திகளை ஒரே பட்டியலாகத் தரும் அந்தச் செயலியை, இன்று திறந்தேன். ஒருத்தி படித்தது மற்றவளின் பட்டியலிலிருந்தும் மறைந்துவிடும். "எல்லாத்தையும் நீயே முழுங்கிட்டியாக்கா?" என்று கத்துவேன். "உனக்குப் பிடிச்சதைத் தொடலடி, கத்தாத" என்பாய்.

நீ கட்டிக்கொள்ளப் போகிறவர் சைக்கிள் மெக்கானிக் என்பதற்காக உன் கல்யாணத்துக்கு வராமல் இருந்துவிட்டேன். அதன்பின் இதைத் திறக்கவேயில்லை; மூன்று வருஷத்துச் செய்திகள் ஆயிரக்கணக்கில் குவிந்திருக்கும் என்று நினைத்தேன். நாற்பத்தொன்றுதான் மிச்சம் இருந்தன. அத்தனையும் திமிங்கிலங்கள், பழைய நூலகங்கள் என்று என் பைத்தியங்கள்.

நீ படித்து முடித்ததில் ஒன்றை மட்டும் மறுபடி படிக்காததாக மாற்றி வைத்திருக்கிறேன். நூறு வருஷத்துச் சைக்கிள் ஒன்றைப் பற்றியது. மாமாவிடம் காட்டு.

ஆமாம், மாமா என்றுதான் எழுதியிருக்கிறேன்.

உன் தங்கை