அப்பா, ஜெனி சினிமா வேலைக்குப் போகிறாள்

என் செல்ல அப்பாவுக்கு,

நாளைக்கு நம் ஜெனிக்கு முதல் நாள் வேலை. சினிமாவில், உடையலங்காரப் பிரிவில் உதவியாளராக எடுத்திருக்கிறார்கள். படப்பிடிப்பு வட்டக்கோட்டையில், வெயில் ஏறுவதற்குள் அங்கே நிற்க வேண்டுமாம். அம்மா சர்ச்சில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டாள். "அவ அப்பா இருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பாவ" என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

எனக்கு மட்டும் வயிறு எரிகிறது அப்பா. நாற்பதை நெருங்கும் வயதில், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளைய தங்கையைப் பார்த்து.

நாகர்கோவில் தியேட்டருக்கு ஸ்கூட்டரில் நீங்கள் கூட்டிப்போனது என்னைத்தானே? அவள் அப்போது பிறக்கவேயில்லை. பெயர் போடுவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும் நமக்கு. எடிட்டிங் யார், உதவி யார் என்று நான் சத்தமாக வாசிப்பேன். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நீங்கள் சிரிப்பீர்கள்.

பிளஸ் டூ முடித்துவிட்டு, சென்னைக்குப் போய் எடிட்டிங் படிக்கட்டுமா என்று கேட்டேன். நீங்கள் சத்தம்கூடப் போடவில்லை. "அதெல்லாம் நமக்கு ஒத்துவராது மக்கா" என்றீர்கள். நர்சிங்கில் சேர்த்துவிட்டீர்கள். பிறகு குவைத். நான் அங்கே இருக்கும்போதுதான் ஜெனி அதே வீட்டில், அதே அப்பாவிடம், ஆடை வடிவமைப்பு படிக்கிறேன் என்றாள். உடனே சரி என்றீர்கள். எப்படி அப்பா?

அவள் படித்து முடிப்பதைப் பார்க்காமலே போய்விட்டீர்கள். நான் ஊரோடு வந்து இங்கே ஆஸ்பத்திரியில் வேலைபார்க்கிறேன்.

இன்று மத்தியானம் நாளைக்கான பையை அடுக்கினாள். ஊக்கு, ஊசி நூல், கத்தரி, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப், பவுடர் டப்பா. பிறகு என்னை நிறுத்திவைத்துச் சேலை உடுத்திப் பழகினாள்.

"எக்கா, அசையாத."

"ஏட்டி, ஊக்கு தோள்ல ஏறுது! நடிக்க வந்தவள இப்பிடிக் குத்துனா முத நாளே ஒன்ன வீட்டுக்கு அனுப்பீருவாவ."

எழும்ப முடியாத நோயாளிகளுக்கு வருஷக்கணக்காக உடை மாற்றியவள் நான். துணிக்கும் தோலுக்கும் நடுவில் விரலைக் கொடுத்துவிட்டு ஊக்கைச் செருகச் சொல்லிக்கொடுத்தேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். அதுவும் எரிச்சலாக இருந்தது.

தரையில் உட்கார்ந்து மடிப்பை நீவிக்கொண்டே கேட்டாள். "சினிமான்னா ஒனக்குத்தான உயிரு. நீ ஏன்க்கா போவல்ல?"

"அப்பா விடல்ல."

மடிப்பை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷமாக அவளுக்குத் தெரியாது. அடுக்களையிலிருந்து அம்மா வந்து வாசலில் நின்றாள்.

"ஒன்ன விடாதது அவியளுக்கு மனசுல கெடந்து உறுத்திச்சு மக்கா. இவ கேட்டப்ப, மூத்தவளத் தடுத்தது போதும், இவளையாவது விடணும்னு எங்கிட்ட சொன்னாவ."

ஜெனி அழுதுவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை.

வெள்ளிக்கிழமை தவறாமல் குவைத்துக்குப் பேசுவீர்கள். சாப்பிட்டியா, சூடு எப்படி இருக்கு, டியூட்டி எப்படிப் போவுது. அம்மாவிடம் சொன்னதை என்னிடமும் ஒருமுறை சொல்லியிருக்கக் கூடாதா? என்னை நினைத்து வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அந்த வருத்தத்தின் பலனும் அவளுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. இப்போது அவள் வேலையைவிட எனக்கு அதன்மேல்தான் பொறாமை.

"எக்கா, நான் போவட்டா, போவாண்டாமா?" என்று கேட்டாள். சும்மா கேட்கவில்லை. நான் வேண்டாம் என்றிருந்தால் பையை அவிழ்த்திருப்பாள். அது அவள் முகத்தில் தெரிந்தது. அந்த வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது அப்பா.

"போவாம? பின்ன நான் எதுக்கு இவ்வளவு குத்து வாங்குனேன்? கண்ணத் தொடச்சுட்டு முந்தானைய ஒழுங்காப் போடு."

பொறாமைப்பட மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியவில்லை. காலையில் நானே அவளை ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடுவேன். வேலை முடிந்து அவள் வந்து சொல்வதையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்பேன்; கேட்கக் கேட்க எரியத்தான் செய்யும். ஆனால் அவள் சந்தோஷத்தின்மேல் என் கை படாது. அதை நம்பலாம் நீங்கள்.

நீங்கள் போகவிடாத,
உங்கள் மூத்த மகள்