மூரா பாலை எக்கிக்கொண்டாள்

மார்ச் 18

காலையில் என் வீட்டுக்காரி வெத்தூரியாவை நகரத்து ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தேன். முழங்கால் ஆபரேஷன். வீட்டில் பேச ஆளில்லை, அதனால் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் கண்டதில்லை. பட்டாளத்தில் சொல்லிக்கொடுத்த எழுத்துதான். கோணல் மாணலாக இருந்தாலும் எனக்குப் புரியும்.

கிளம்பும்போது எருமை மூராவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "யோவ், மூரா வத்திப் போச்சுன்னா அப்புறம் இந்த ஊர்ல நமக்கு என்ன வேலை? பையன்கிட்ட சொல்லிட்டேன். தொழுவத்தை வித்துட்டு அவன்கிட்டயே போயிடலாம்."

பையன் சோரின் இருப்பது ஐந்தாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல்.

கல்யாணமான நாளிலிருந்து கறவை அவளுடையது. புல், சாணி, வண்டி என்னுடையவை. இப்போது நோன்புக் காலம், பாலை நாங்கள் வாயில் வைப்பதில்லை. எல்லாம் பாலாடைக்கட்டியாகி ஈஸ்டருக்குக் காத்திருக்கும். பாதி ஊர் எங்களிடம்தான் வாங்கும்.

மார்ச் 19

பக்கத்து வீட்டு சவேத்தா வாளியோடு வந்தாள். பசு வளர்ப்பவள், எருமை என்ன பெரிய விஷயம் என்று உட்கார்ந்தாள். மூரா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். வாளி ஒரு பக்கம், சவேத்தா ஒரு பக்கம்.

"இலாரியே அண்ணே, இது எருமையா, என் மாமியாரா?"

கிடைத்தது ஒரு கோப்பை. மீதியை மடிக்குள்ளேயே எக்கிக்கொண்டு நிற்கிறாள்.

மார்ச் 20

நானே உட்கார்ந்து பார்த்தேன். தொடையில் உதை. மடி கல்லாகக் கிடக்கிறது. கன்று இருந்தாலாவது முட்டவிட்டுப் பால் இறக்கலாம். பால்குடி மறந்ததும் அதை விற்றாயிற்று. இப்படியே விட்டால் வற்றிவிடுவாள்.

சோரின் போனில் சொல்கிறான்: "எதுக்குப்பா இந்தக் கஷ்டம்? இங்க லிஃப்ட் போட்டாச்சு."

லிஃப்டில் மூரா ஏறுவாளா?

மார்ச் 21

மழை. பாவேல் மாமா ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது.

எனக்கு அப்போது ஏழு வயது. அத்தை பிரசவத்தில் படுத்திருந்தாள். அவர்கள் எருமையும் இப்படித்தான் அடம் பிடித்தது. மாமா, அத்தையின் பாவாடையைச் சுற்றி, தலைத்துணி கட்டிக்கொண்டு கறந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் கொல்லன் நின்றதைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவர் பாவேல் அத்தை. பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றபோது ஓட்டு எண்ணியவன் கூட, "அத்தைக்கு இன்னொண்ணு" என்று கத்தினான். கடைசியில் குழிக்குள் இறக்கும்போது எவனோ சொன்னான்: "அத்தையை மெதுவா இறக்குங்கடா." பாதிரியாரே தாடிக்குள் சிரித்தார்.

எருமைக்கு வேண்டியது வாசனை. தெரிகிறது. ஆனால் இந்த ஊருக்கு வாய் இருக்கிறதே!

மார்ச் 22

உடுத்திவிட்டேன்.

பாவாடை, முன்துணி, தலைத்துணி. எல்லாம் அவள் தொழுவத்தில் மாட்டிவிட்டுப் போனவை. கதவை உள்ளே தாழிட்டேன். மீசையையும் சேர்த்துக் கட்டினேன். மூரா முகர்ந்தாள், பாவாடையை, அப்புறம் தலையை. உதைக்கவில்லை. ஆனால் காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு எதற்கோ காத்திருந்தாள். எதற்கு? வாளியின் அடிதான் நனைந்தது.

மார்ச் 23

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

"வெத்தூ, கறக்கும்போது அவகிட்ட என்ன சொல்லுவே?"

"அது எனக்கும் அவளுக்கும் உள்ளது."

"மடி கட்டிக்கிச்சுடி."

"உன்னைத் திட்டுவேன்" என்றாள்.

"என்னையா?"

"வேற யாரை? காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அது காதுல விழுந்தாத்தான் அவ பால் இறக்குவா."

என்னவென்று திட்டுவாய் என்று கேட்டிருக்கக் கூடாது. சேற்று பூட்ஸோடு அடுப்படிக்கு வருகிறேனாம். கேட்டவனுக்கெல்லாம் அரிவாளைத் தூக்கிக் கொடுக்கிறேனாம். குறட்டை. அவள் செய்த பண்டம் நன்றாக இருக்கிறது என்று ஒரு ஈஸ்டருக்காவது வாய் திறந்தேனா என்றாள். பக்கத்துக் கட்டில்காரி சிரிப்பது கேட்டது: "என் வீட்டுக்காரனையும் சேர்த்துக்கச் சொல்லு!"

மார்ச் 24

குரலை மெலிதாக்கிக்கொண்டு ஆரம்பித்தேன். "பாருடி மூரா, அந்தக் கிழவன் இன்னிக்கும் பூட்ஸோட வந்துட்டான்டி..."

பூட்ஸ் என்றதும் காது தொங்கியது. அரிவாளுக்கு முதல் பீச்சு. குறட்டை வந்தபோது வாளியில் நுரை பொங்கியது.

இத்தனை வருஷமும் இந்த வீட்டு வெண்ணெய் என் குற்றங்களில்தான் திரண்டிருக்கிறது.

மார்ச் 25

சவேத்தாவுக்குப் பெண்குரல் கேட்டிருக்கிறது. "அக்கா, வந்துட்டீங்களா!" என்று சாணி தள்ளும் பின்பக்க வழியாகத் தலையை நீட்டினாள். பார்த்தாள். அங்கேயே உட்கார்ந்து சிரித்தாள்.

சாயங்காலம் கடையில் உப்பு கேட்டேன். "இலாரியே அக்காவுக்கு எத்தனை கிலோ?" என்றான் கடைக்காரன்.

இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன். வாளி நிறைந்திருக்கிறது. சவேத்தாதான் உறையூற்றித் தருகிறாள், வாய் மூடாமல்.

ஏப்ரல் 3

திட்டுவதற்கு அவள் சொன்னது தீர்ந்துவிட்டது. நானே புதிதாகச் சேர்க்கிறேன். பஞ்சமில்லை.

ஏப்ரல் 12

வெத்தூரியா வந்துவிட்டாள். கைத்தடியோடு வண்டியிலிருந்து இறங்கி நேராகத் தொழுவத்துக்குப் போனாள். அவள்மேல் ஆஸ்பத்திரி மருந்து வாடை. மூரா மூக்கைச் சுளித்துப் பின்வாங்கினாள்.

வெத்தூரியா முகம் போன போக்கை எழுத வரவில்லை.

"மூரா. நான்டி."

மூரா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெத்தூரியா என் தலையைப் பார்த்தாள். கறவை நேரம், அவள் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு நின்றேன். "அவுத்துக் குடுய்யா" என்றாள். கொடுத்தேன். கட்டிக்கொண்டு, "சீ, உன் நாத்தம்" என்றாள். மூரா மெல்லக் கிட்டே வந்து அந்தத் துணியை முகர்ந்தாள். முகர்ந்து, நக்கினாள்.

ஆனால் முக்காலியில் குந்த முழங்கால் மடங்கவில்லை. அடுப்படி நாற்காலியைக் கொண்டுவந்து போட்டேன். அவள் அதில் உட்கார்ந்து என்னைத் திட்டினாள். நான் பாவாடையோடு குந்திக் கறந்தேன். கொஞ்சம்தான் இறங்கியது. வாசனை ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்று மூராவுக்குக் குழப்பம். இருந்தாலும் இறங்கியது.

சோரின் போன் செய்தான். "லிஃப்ட்ல நீயே ஏறிக்கடா" என்றாள் அவன் அம்மா. "ஈஸ்டருக்கு வந்து பாலாடைக்கட்டி எடுத்துட்டுப் போ."

ஏப்ரல் 17

சந்தை. தலைத்துணிக் கடையில் நின்றேன். பின்னால் நம் ஊர்க்காரர்கள் இரண்டு பேர்.

"வீட்டம்மாவுக்கா, தாத்தா?" என்றாள் கடைக்காரி.

"எனக்குத்தான். அந்தச் சிவப்பை எடும்மா, பூப்போட்டது."