உள்ளேன் அம்மா

நடுக்குளம்பட்டி, கொடைரோடு வழி
28.10.1996

அன்புள்ள ஜெய்தூன் டீச்சருக்கு,

இங்கு எல்லோரும் சுகம். திண்டுக்கல்லில் மகன் வீட்டில் உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? ஒரு சந்தோஷச் செய்தி. ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்தவள் இன்று நம் ஊராட்சித் தலைவர்! பதவி ஏற்றபோது குரல் கணீரென்று வந்தது. பள்ளிக்கூடம் நடத்தியவளுக்கு ஊரை நடத்துவது அப்படி என்ன கஷ்டம்? பாதிப் பேர் நம் இருவரிடமும் படித்தவர்கள்தானே!

முதல் வேலை குடிநீர்த் தொட்டி. பெண்கள் இன்னும் குடத்தோடு ரயில்வே கேட்டைத் தாண்டிப் போகிறார்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டால் தொட்டி கிடைக்கும். சர்ச் மேட்டில் இடம்கூடப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் வாருங்கள். உங்களுக்குப் பிடித்த காபி, சர்க்கரை தூக்கலாகப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
ம. இஞ்ஞாசியம்மாள்,
ஊராட்சித் தலைவர்


நடுக்குளம்பட்டி
29.1.1997

அன்புள்ள ஜெய்தூன் டீச்சருக்கு,

குடியரசு தினத்தன்று காலையில் கிராம சபை. வந்தவர்களை வரிசையாக உட்காரவைத்துப் பெயர் கூப்பிட்டேன். நம் ராமர் இருக்கிறானே, மூன்றாம் வகுப்பில் சாக்பீஸ் தின்றவன், அவன் எழுந்து கையைக் கட்டி, "உள்ளேன் அம்மா!" என்றான். ஒரே சிரிப்பு. தொட்டி பற்றிச் சொல்லி, "புரிந்ததா?" என்றேன். "புரிஞ்சது டீச்சர்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அப்போது தங்கமுத்து தாமதமாக வந்தார். வாசலிலேயே நிற்கச் சொன்னேன். அவருக்கு என் வயது. "முட்டி போடணுமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். பின்னாலேயே பாதிக் கூட்டம் போய்விட்டது. ஆள் போதாமல் தீர்மானம் நின்றது. மே தினக் கூட்டத்திலும் இப்படி ஆனால் தொட்டி வேறு ஊருக்குப் போய்விடுமாம். இந்த ஜனங்களுக்கு நல்லது எது என்றே தெரியவில்லை!

இஞ்ஞாசியம்மாள்


பேகம்பூர், திண்டுக்கல்
6.2.1997

மரியாதைக்குரிய பெரிய டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். தொட்டியை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. உங்களுக்குக் கீழே இருபது வருடம் வேலை பார்த்தவள் சொல்கிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

நம்மைப் போன்றவர்கள் விடை தெரிந்த கேள்வியைத்தான் கேட்போம். வகுப்பில் அது சரி. ஊருக்குள் விடை அவர்களிடம் அல்லவா இருக்கிறது?

புதுக் கணக்குப் பாடம் வந்த வருடம் ஞாபகம் இருக்கிறதா? கோடை விடுமுறை முழுக்க நீங்கள் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, தப்புத் தப்பாகப் போட்டு அழித்து அழித்துப் பழகினீர்கள். அதைப் பார்த்துத்தான் எங்களுக்கும் பயம் போனது. அன்றுதான் உங்களை மனதாரப் பெரிய டீச்சர் என்று கூப்பிட்டேன். தலைவர் ஆனதும் அந்தச் சிலேட்டை எங்கே வைத்தீர்கள்?

ஜெய்தூன் பீவி


நடுக்குளம்பட்டி
3.5.1997

அன்புள்ள ஜெய்தூனுக்கு,

இத்தனை நாள் பதில் போடவில்லை. முதலில் கோபம். பிறகு படிப்பு! வீடு வீடாகப் போய், "கூட்டத்தை எப்போது வைக்கலாம்?" என்று கேட்டேன். மாயம்மாள் வாயில் கைவைத்துவிட்டாள்.

"டீச்சரா கேக்குறீங்க? காலையில நாங்க மல்லியப்பூ எடுக்கப் போயிருவோம்ல. பொழுதுசாய வைங்க, அம்புட்டுப் பேரும் வாரோம்."

இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள், எனக்கு இது தோன்றவே இல்லை பாருங்கள்!

தங்கமுத்து வீட்டுக்கும் போனேன். "நீங்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் கூட்டத்தைத் தொடங்குவேன்" என்றேன். "அப்ப லேட்டாத்தான் வருவேன்" என்று சிரித்தார். ஆனால் மே தினத்தன்று அவர்தான் முதல் ஆள்.

எல்லோரோடும் பாயில் உட்கார்ந்து, "தொட்டியை எங்கே வைக்கலாம்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அடேயப்பா, என்ன சத்தம்! மேசையைத் தட்டியே பழகிய கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். சர்ச் மேடு என்று யாரோ சொன்னதும், "நெறகுடத்தோட அந்தச் சரிவுல எறங்குறது யாரு, டீச்சரா?" என்று மாயம்மாள் கேட்டாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் கீழத்தெரு வேப்பமரத்தடி என்று முடிவாயிற்று. தீர்மானம் நிறைவேறிவிட்டது, ஜெய்தூன்! அடுத்ததாக மோட்டார், குழாய் எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும். ராமர் சொல்லித் தருவதாக இருக்கிறான். தப்பாகச் சொன்னால் முட்டி போட வைப்பானாம்!

இப்போது எனக்கு விடை தெரியாத ஒரு கேள்வி. இருபது வருடமாக உங்களைக் கேட்காமலே காபி ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். உண்மையில் உங்களுக்கு என்ன பிடிக்கும்?

உங்கள்
இஞ்ஞாசி


(தபால் அட்டை)
பேகம்பூர்
7.5.1997

அன்புள்ள இஞ்ஞாசி அக்காவுக்கு,

டீ. சர்க்கரை கம்மி.

ஞாயிற்றுக்கிழமை வாரேன். அந்த வேப்பமரத்தைப் பார்க்கணும்.

ஜெய்தூன்