முத்திரை கீழ்ப்பக்கம்

பிஷ்கேக்
24 செப்டம்பர் 2006

விடுதியில் எனக்குக் கீழ்க்கட்டில் சாய்ராவுக்கு,

இல்லை, யாரும் சிரிக்கவில்லை. அதைவிட மோசம், எல்லாரும் மரியாதையாக இருக்கிறார்கள். நான் வகுப்பில் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. நாற்காலிகளை இழுத்து வழிவிடும் சத்தம். பிறகு மௌனம். நீ இருந்திருந்தால் ஏதாவது கெட்ட வார்த்தை சொல்லி அதைக் கலைத்திருப்பாய்.

சட்டப் புலத்தில் சேர்ந்த முதல் பார்வையற்ற மாணவி நான்தான். தினமும் யாராவது இதை எனக்குச் சொல்லிவிடுகிறார்கள், நான் மறந்துவிடுவேனோ என்று. எனக்காக மாடிப்படிக்குக் கீழே ஓர் அலுவலகம் திறந்திருக்கிறார்கள். ஒரு மேசை, ஒரு ஹீட்டர், ஜில்திஸ். ஜில்திஸ் நம்மைவிட நாலைந்து வயது மூத்தவள். வேகமாக நடப்பாள், வேகமாகச் சண்டை போடுவாள். என் வகுப்புகளைத் தரைத்தளத்துக்கு மாற்றியது அவள். பாடத்தைப் பதிவு செய்ய அனுமதி வாங்கியதும் அவள்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம். ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு முத்திரை.

சட்ட வரலாறு எடுப்பவர் தபில்தி அகாய். நம் பள்ளியைப் போலவே இங்கும் வாத்தியாரை அகாய் என்றுதான் கூப்பிடுகிறோம். நல்ல மனிதர். நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ எதுக்கும்மா பரீட்சைன்னு வந்து அல்லாடற? அஞ்சுக்கு மூணு போட்டுத் தரேன். மூணுன்னா பாஸ்தானே."

"மூணு வேணாம் அகாய். எனக்குச் சீட்டு வேணும்."

எல்லாரையும் போல. முப்பது சீட்டு மேசையில் கவிழ்ந்து கிடக்கும். ஒன்றை எடுக்க வேண்டும். எந்தக் கேள்வி வருகிறதோ அதற்குப் பதில் சொல்ல வேண்டும். தெரியாத கேள்வி வந்து திணறும் உரிமை எனக்கும் உண்டு என்றேன். அவர் சிரித்தார். "சீட்டுல இருக்கிறத நீ எப்படிப் படிப்ப?" பிரெய்லில் இருந்தால் படிப்பேன் என்றேன். ஜில்திஸ் உடனே விண்ணப்பம் எழுதிவிட்டாள்.

துணை டீன் ஓமுரோவ் கையெழுத்துப் போட்டார், ஒரு நிபந்தனையோடு. இந்தக் குளிர்காலப் பரீட்சை ஒழுங்காக நடந்தால் அடுத்த ஆண்டும் நம்மைப் போன்றவர்களைச் சேர்ப்பார்கள். சிக்கல் வந்தால் இத்தோடு சரி.

சாய்ரா, அடுத்த ஆண்டு என்றால் நீ.

இங்குள்ள பார்வையற்றோர் சங்கத்தில் கேட்டோம். சீட்டு எழுதித் தர நான்கு மாதம் ஆகும் என்றார்கள். உன் பெயரைச் சொன்னேன். கேள்விகளை ஜில்திஸ் ஒலிநாடாவில் அனுப்புகிறாள். எழுதித் தருவாயா?

மேற்கட்டில்
புரூலாய்


ஓஷ்
8 அக்டோபர்

வக்கீலம்மா,

ஒலிநாடா வந்தது. உன் ஜில்திஸ் கேள்வி படிக்கிறாளா, ரயில் பிடிக்க ஓடுகிறாளா? மூன்று தடவை திருப்பிக் கேட்டேன்.

இங்கே எல்லாம் அப்படியே. காலையிலிருந்து எங்கள் பார்வையற்றோர் பணிமனையில் மின்பிளக் பூட்டுவது. இரண்டு பின், ஒரு திருகு, மூடி. ஒரு நாளைக்கு நானூறு. பக்கத்து இருக்கை மய்ராம் அக்கா புருஷனைத் திட்டிக்கொண்டே என்னைவிட ஐம்பது கூடுதலாக முடித்துவிடுகிறாள். "கோபம் இருந்தா கை ஓடும்டி" என்கிறாள். எனக்கும் கோபம் உண்டு. கை ஓடவில்லை.

மறந்திருக்க மாட்டாய். கோடையில் இருவரும்தான் விண்ணப்பித்தோம். ஒருத்தியைத்தான் வைத்துப் பார்க்க முடியும் என்றார்கள். பட்டியலில் உன் பெயர் மேலே இருந்தது. மதிப்பெண்ணால் அல்ல, எழுத்து வரிசையால்; நம் எழுத்தில் 'பு' முன்னால், 'சா' பின்னால். இதைச் சொல்லிக் காட்டவில்லை. சரி, கொஞ்சம் சொல்லிக் காட்டுகிறேன். பள்ளியில் உன் கணக்கை எல்லாம் போட்டது யார்?

என் பள்ளிச் சான்றிதழ் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. அதன் மேல் குளிர்காலக் காலுறைகளை அடுக்கியிருக்கிறேன்.

எழுதித் தருகிறேன். தினமும் வேலை முடிந்து இரண்டு சீட்டு. ஒரு புள்ளி பிசகாது.

கீழ்க்கட்டில்
சாய்ரா


பிஷ்கேக்
20 டிசம்பர்

சாய்ரா,

சீட்டுகள் போன மாதமே வந்து சேர்ந்தன. நான் தொட்டுப் பார்க்கக் கூடாதாம். பரீட்சை எழுதப்போகிறவள் அல்லவா. ஜில்திஸ் உறையை மட்டும் கையில் கொடுத்தாள். உன் கட்டு முடிச்சைத் தடவினேன். இரட்டை முடிச்சு, நம் விடுதியில் ஷூ கட்டும் முடிச்சு.

ஒவ்வொரு சீட்டிலும் புலத்தின் முத்திரை இருக்க வேண்டும் என்பது விதி. முத்திரை இல்லாத சீட்டு வெறும் தாள். புள்ளி எழும்பி நிற்கும் பக்கத்தில் முத்திரை பதியவில்லையாம், மை திட்டுத் திட்டாக நிற்கிறதாம். மறுபக்கத்தில் போட்டுவிட்டார்கள். ஒரு புள்ளிகூட நசுங்கவில்லை என்று ஜில்திஸுக்குப் பெருமை. எனக்கும்தான்.

இப்போது வகுப்பில் பேச்சு நிற்பதில்லை. போன வாரம் ஒருவன் என் இடத்தில் உட்கார்ந்துகொண்டு எழ மறுத்தான். சண்டை போட்டேன். நல்ல நாள்.

எல்லாருக்கும் முன்கூட்டியே தந்துவிடும் முப்பது கேள்விகளில் பதினான்காம் கேள்வியை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மேய்ச்சல் நில வழக்குகளில் பழைய நடுவர்கள் வாங்கிய சத்தியம். குற்றம் சாட்டப்பட்டவன் தனக்காகத் தானே சத்தியம் செய்ய முடியாது. அவன் உறவில் நேர்மையானவன் என்று பெயரெடுத்த ஒருவன் அவனுக்காகச் செய்ய வேண்டும். பொய்யானால் பாவம் சத்தியம் செய்தவனுக்கு. எனக்கு யார் செய்வார்கள் என்று யோசித்தேன். வெகுநேரம் யோசிக்கவில்லை.

ஒன்பதாம் கேள்வி ரோமானியச் சொத்துரிமை. அது வராமல் இருக்கட்டும்.

புரூலாய்


பிஷ்கேக்
12 ஜனவரி 2007

சாய்ரா,

இதை முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

இன்று பரீட்சை. என் முறை வந்தது. மேசை வரை நானே நடந்தேன். தபில்தி அகாய், ஓமுரோவ், ஜில்திஸ் மூவரும் இருந்தார்கள். அடுத்த முறைக்குக் காத்திருந்தவர்கள் பின்வரிசையில்.

கையை நீட்டினேன். முதல் சீட்டில் விரல் பட்டது. ஒன்பது. ரோமானியச் சொத்துரிமை.

ஏன் எனக்குத் தெரிகிறது என்று உடனே புரியவில்லை. விரல் தானாக நகர்ந்தது. இருபத்திரண்டு. அடுத்தது பதினான்கு.

முத்திரை இருக்கும் பக்கம்தான் கேள்வி என்று நினைத்து, வழக்கப்படி முத்திரையைக் கீழே வைத்துக் கவிழ்த்திருக்கிறார்கள். முத்திரை கீழே என்றால் உன் புள்ளிகள் மேலே. அவர்கள் கண்ணுக்கு மேலே இருந்தது வெறும் வெள்ளைத் தாள். முப்பது கேள்வியும் எனக்கு முன்னால் முகம் காட்டிக்கொண்டு கிடந்தன, சாய்ரா. உனக்குத் தெரியும், விரலுக்கு இமை கிடையாது.

"எடும்மா, எவ்வளவு நேரம் தடவுவ?" என்றார் அகாய்.

பின்னாலிருந்து ஒருவன்: "விடுங்க அகாய், அவ தர்பூசணி தட்டிப் பாக்குறா!"

எல்லாரும் சிரித்தார்கள். என் கை பதினான்கின் மேல் இருந்தது. எடுத்திருந்தால் ஐந்து. ஓமுரோவ் கைகொடுத்திருப்பார். உன் விண்ணப்பம் உடனே போயிருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது.

கையை எடுத்துவிட்டேன்.

"அகாய், நான் படிச்சிட்டேன்."

"என்னத்த?"

"மூணு சீட்ட. இன்னும் கொஞ்சம் கை வச்சா முப்பதையும் படிச்சிடுவேன்."

"அதெப்படி? கவுத்துத்தானே வச்சிருக்கு. ஜில்திஸ், முத்திரை கீழதானே?"

"கீழதான் அகாய். மேல ஒண்ணுமே இல்லையே. வெள்ளையா இருக்கு."

"உங்களுக்கு வெள்ளை" என்றேன்.

 ஜில்திஸ் ஒரு சீட்டைத் தடவும் சத்தம். "அய்யோ" என்றாள்.

அகாய் முதலில் சிரித்தார். பிறகு இருமினார். ஓமுரோவ் சிரிக்கவில்லை. "சொன்னேன்ல. இதெல்லாம் வேலைக்காகாது. அந்த மூணப் போட்டு அனுப்புங்க." அகாய் மறுத்துவிட்டார். "அவ மூணுக்கு நிக்கலையே. மூணு போதும்னா இப்ப வாயத் திறந்திருக்க வேண்டியதில்ல" என்றார். அரை மணி நேரம் வாதம். பிப்ரவரி ஐந்தாம் தேதி மறுபரீட்சை. தொட்டால் தெரியாத சீட்டு அதற்குள் வர வேண்டும். வராவிட்டால் மூன்று போட்டு, 'ஏற்பாடு நடைமுறைக்கு ஒத்துவரவில்லை' என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

உன் இடத்தையும் சேர்த்துத்தான் பணயம் வைத்தேன். உன்னைக் கேட்காமல். அது தெரிந்தேதான் கையை எடுத்தேன். மன்னிப்புக் கேட்கவா என்று தெரியவில்லை. கேட்டால் பொய்யாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

புரூலாய்


ஓஷ்
19 ஜனவரி

புரூலாய்,

பதினான்கின் மேல் கை இருந்தது என்கிறாய். எடுத்திருக்கலாம். அவர்கள் செய்த தப்பு அது, உன்னுடையது அல்ல. பதினெட்டு வருடமாக அவர்கள் கவிழ்த்து வைத்த எத்தனையோ நமக்குத் தெரியாமலே போயிருக்கிறது. ஒரே ஒரு தடவை நம் பக்கம் கவிழ்ந்தது.

உனக்கு மனச்சாட்சி. எனக்கு நானூறு பிளக்.

இனி எழுதாதே.

சா.


ஓஷ்
22 ஜனவரி

புரூலாய்,

பழைய கடிதம் இதற்கு முன்னால் வந்திருக்கும். கிழித்துப் போடாதே. அதில் உள்ளது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை.

மய்ராம் அக்காவுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், சேர்ந்து திட்டுவாள் என்று. அவள் கையிலிருந்த திருகை வைத்துவிட்டாள். "உன்னோட சிநேகிதியா அவ?" என்று கேட்டாள். "ஆமா." "கூடவே படிச்சவளா?" "கீழ்க்கட்டில் நான், மேற்கட்டில் அவ." மதியம் சாம்சா சாப்பிடும்போது அந்த மேசை முழுக்க அதைச் சொல்லிவிட்டாள். "நம்ம சாய்ராவோட சொந்தம்" என்றுதான் ஆரம்பித்தாள். நான் திருத்தவில்லை.

இந்தப் பொதியில் முப்பது புதிய சீட்டு. ஒவ்வொன்றும் தடித்த தாளை இரண்டாக மடித்தது. எழுதிய தாள் உள்ளே. பசை போட்டால் புள்ளி ஊறிவிடும், அதனால் மூன்று ஓரமும் நூலால் தைத்தேன். மூன்று இரவு. முத்திரையை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் குத்தட்டும்.

பணிமனையில் பன்னிரண்டு பேரிடம் கொடுத்துப் பார்த்தேன். மய்ராம் அக்காவின் விரல் பழைய பேருந்துச் சீட்டில் தேதி படிக்கும் விரல். அவள் கால் மணி நேரம் தடவிவிட்டு, "ஒண்ணும் தெரியல, நாசமாப் போக" என்றாள். அதற்குப் பிறகுதான் பொதியைக் கட்டினேன்.

உறைக்குள் ஓமுரோவுக்கு ஒரு தாள் வைத்திருக்கிறேன். அலுவலகப் பெண் மையில் எழுதித் தந்தாள். சீட்டுகளைச் செய்தவள் நான், சோதித்தவர்கள் இந்தப் பன்னிரண்டு பேர், இந்த மாணவியின் நேர்மைக்கு நான் பொறுப்பு என்று. கீழே பன்னிரண்டு பேரின் விரல் ரேகை. எங்கள் பணிமனை முத்திரையும் உண்டு. அவர்களுக்கு முத்திரை பிடிக்குமே.

ஒன்பதைப் படி, கழுதை.

கீழ்க்கட்டில்
சாய்ரா


பிஷ்கேக்
6 பிப்ரவரி

என் சாய்ரா,

எந்தச் சீட்டு வந்திருக்கும் சொல். ஒன்பதுதான்.

நூலைப் பல்லால் பிரித்தேன். நெருக்கமாகத் தைத்திருக்கிறாய், உதடு எரிந்தது. விரல் வைத்ததும் சிரித்துவிட்டேன். அகாய், "என்ன, நல்ல சீட்டா?" என்றார். "மோசமான சீட்டு அகாய்" என்றேன். நாற்பது நிமிடம் குறிப்பு எடுத்தேன். இருபது நிமிடம் பேசினேன். ஓரிடத்தில் தடுமாறினேன், அகாய் உதவவில்லை. காத்திருந்தார். எல்லாருக்கும் காத்திருப்பதைப் போல.

நான்கு. ஐந்து இல்லை.

"இது நான் போட்ட நாலு இல்ல, நீ எடுத்த நாலு" என்றார். அப்புறம், "பதினாலு உனக்குப் பிடிக்குமாமே. சொல்லேன், மார்க்குக்கு இல்ல, சும்மா கேக்கறேன்." சொன்னேன். பேச்சை நிறுத்தியபோது ஜில்திஸ் மூக்கை உறிஞ்சினாள். பரீட்சை அறையில் ஹீட்டர் இல்லாததால் சளி என்று சாதிக்கிறாள்.

உன் தாளை ஓமுரோவ் உரக்கப் படித்தார். விரல் ரேகைகளை ஒன்று, இரண்டு என்று பன்னிரண்டு வரை எண்ணினார். "யாரு இந்தச் சாய்ரா?" என்றார். "அடுத்த வருஷம் வர்றவங்க" என்றாள் ஜில்திஸ், நான் வாய் திறப்பதற்குள். அவர் மறுக்கவில்லை. மாலையில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். சட்டப் புலம், பார்வையற்ற மாணவர்களுக்கு இரண்டு இடம். தைத்த சீட்டு இனி விதி. முத்திரையோடு.

சான்றிதழின் மேலிருக்கும் காலுறைகளை எடு.

மேற்கட்டில்
புரூலாய்


ஓஷ்
14 பிப்ரவரி

வக்கீலம்மா,

உன் கடிதத்தை மேசையில் இரண்டு தடவை படிக்க வைத்தார்கள். நான்கு என்ற இடத்தில் மய்ராம் அக்கா மேசையைத் தட்டியதில் பிளக் மூடிகள் உருண்டோடின. எல்லாரும் தரையில் தவழ்ந்து பொறுக்கினோம். இன்று முந்நூற்றுப் பத்துதான்.

காலையில் தபால் நிலையத்துக்குப் போனேன். சன்னல்காரிக்கு என்னைத் தெரியும். "பிரெய்லா? அது சும்மா போகுமே, வச்சிட்டுப் போ" என்றாள்.

"இது பிரெய்ல் இல்ல. விண்ணப்பம். மையில எழுதினது."

"அப்ப தபால்தலை ஒட்டணும்."

ஒன்று வாங்கினேன். நாக்கில் நனைத்து, மூலையைத் தடவிப் பார்த்து, ஒட்டினேன்.

சாய்ரா