ஓனர் வந்தால் ரிமோட்டைக் கொடுங்கள்

என் கோபக்கார மெக்கானிக்குக்கு,

சாப்பாட்டை அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன். சூடுபடுத்திச் சாப்பிடுங்கள். கோபம் என் மேல்தானே, சோற்றின் மேல் இல்லையே?

நேற்று நான் சிரித்தது தப்புதான். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். புது மோட்டார் மாட்டிய உங்கள் ரிமோட் பொம்மைக் கார் படிக்கட்டில் தாவி இறங்கி, கீழே குடியிருக்கும் வீட்டு ஓனரின் நாற்காலிக்கு அடியில் புகுந்துவிட்டது. அவர் டீயைக் கொட்டிவிட்டு இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். நீங்களோ ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "நில்லு, நில்லு!" என்று காரைப் பார்த்துக் கத்திக்கொண்டு ஓடினீர்கள். பெற்ற தாயே பார்த்திருந்தாலும் சிரித்திருப்பாள். அதற்காக ராத்திரி முழுக்கச் சுவரைப் பார்த்தா படுப்பது?

ஓனர் பத்து மணிக்கு நம் மாடிக்கு வருவார். வீட்டைக் காலி பண்ணச் சொல்வாரோ என்று பயந்து, காரை என் துணி அலமாரியில் ஒளித்து வைத்திருக்கிறீர்களே, அதை வெளியே எடுங்கள். கிரீஸ் கறை பட்டிருந்தால் துவைக்கப் போவது நீங்கள்தான்.

காலையில் பால் வாங்கப் போனபோது அவரைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறப்பதற்குள், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்:

"அந்தக் கார் மண்ணுலயும் ஓடுமாம்மா? நான் ஒரு தடவை ஓட்டிப் பாக்கலாமா?"

பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டேன். எழுந்ததும் பேட்டரியைச் சார்ஜில் போடுங்கள். வயதானவர், வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கொடுங்கள். கியர், ஸ்பிரிங் என்று பாடம் நடத்தி அவரை விரட்டிவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரி டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

பி.கு.: மூன்று மணிக்கு வந்துவிடுவேன். என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, ரிமோட்டைக் கையில் கொடுங்கள். எனக்கு வேகத்தைக் குறைக்க வேண்டாம்.